சர்வ்லெட் யாரிடம் பேசுகிறது?



"சர்வ்லெட்டின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்துடன் விளக்குக." தேர்வுத் தாளில் இந்தக் கேள்வியைப் பார்த்தால் நம்ம பசங்க முகத்தில் ஒரு தனி மலர்ச்சி வரும். மூன்று கட்டம், இரண்டு அம்புக்குறி. இனிட், சர்வீஸ், டெஸ்ட்ராய் என்று மூன்று பெயர். முழு மார்க்! நானும் அப்படித்தான் எழுதினேன், அப்படித்தான் வாங்கினேன்.

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இந்த மூணையும் யாருப்பா கூப்பிடுறது?"

"மெயின் ஃபங்ஷன் சார்" என்றேன் கம்பீரமாக.

"உன் ப்ரோக்ராம்ல மெயின் எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

தேடினேன், தேடினேன். இல்லவே இல்லை. இருந்தால்தானே கிடைக்கும்! அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அன்று எனக்குத் தோன்றியதைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன். சர்வ்லெட் என்பது தனியாக ஓடும் ப்ரோக்ராம் அல்ல. அது ஒரு கன்டெய்னருக்குள் குடியிருப்பது. அந்தக் கன்டெய்னரோடு அது எப்படிப் பேசுகிறது என்பதுதான் பாடத்தின் உயிர். நாமோ உயிரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

கன்டெய்னர் என்றால் என்ன?

கன்டெய்னர் என்றதும் தூத்துக்குடி ரோட்டில் போகும் பெரிய லாரிதான் பலருக்கு ஞாபகம் வரும். இப்போது டாக்கர் படிக்கிறவர்களுக்கு அந்தக் கன்டெய்னர் ஞாபகம் வரும். நான் சொல்வது இரண்டும் இல்லை. டாம்கேட், ஜெட்டி போன்ற சர்வர்களுக்குள் இருந்துகொண்டு சர்வ்லெட்டுகளை உருவாக்கி, வேலை வாங்கி, கடைசியில் விடை கொடுத்து அனுப்பும் மென்பொருள்தான் சர்வ்லெட் கன்டெய்னர்.

இது ஏன் வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1993-ல் வந்த சி.ஜி.ஐ. முறையில், ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் சர்வர் ஒரு புதுப் ப்ராசஸைத் தொடங்க வேண்டும். நூறு பேர் வந்தால் நூறு ப்ராசஸ். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு புது ஓட்டல் கட்டி, சாப்பிட்டதும் இடித்துவிடுவது போல! சர்வர் திணறியதில் ஆச்சரியம் என்ன? 1997-ல் சன் நிறுவனம் சர்வ்லெட் முறையை வெளியிட்டது. இதில் சர்வ்லெட் ஒருமுறை உருவாகி நினைவகத்திலேயே தங்கிவிடும். வரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட் மட்டும் ஒதுக்கப்படும். 1999-ல் சன் நிறுவனம் தன் சர்வர் மூலநிரலை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தது. அதுதான் இன்று நம் லேபில் ஓடும் டாம்கேட்.

இங்கே முக்கியமான விஷயம், சன் நிறுவனம் ஒரு சர்வரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஓர் ஒப்பந்தத்தை எழுதி வைத்ததுதான். சர்வ்லெட் எழுதுகிறவன் இன்னின்னது செய்ய வேண்டும், கன்டெய்னர் இன்னின்னது தர வேண்டும் என்ற ஒப்பந்தம். அதை மதித்து எழுதிய ப்ரோக்ராம் டாம்கேட்டிலும் ஓடும், ஜெட்டியிலும் ஓடும். மதிக்காமல் எழுதியது, எழுதியவன் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும்!

மண்டபமும் சமையலும்

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, வீட்டில்தான் புரிந்தது. எங்கள் அப்பா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். ஒருநாள் ராத்திரி நான் லேப்டாப்போடு மல்லாடிக்கொண்டிருக்கையில், "என்னடா தம்பி, என்ன சிக்கல்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது எங்க வேலை மாதிரியில்ல இருக்கு" என்றார்.

"மண்டபத்துக்குப் போனதும் நாங்களா போயி அடுப்பப் பத்த வைக்க மாட்டோம்டா. மொதல்ல மேனேஜரப் பாப்போம். தண்ணி எங்க, கேஸு எங்க, ஸ்டோர் ரூம் சாவி யாருகிட்ட, எத்தன இலைனு கேப்போம். எல்லாம் அவுங்க குடுக்கணும், நாங்க வாங்கணும். பந்திக்கு ஆள் ஒக்காந்தாச்சுன்னு அவுங்க கொரல் குடுத்தாத்தான் பரிமாறுவோம். நாங்க போயி ஆள் கூப்புட மாட்டோம். போன மண்டபத்துல கெணறு கெழக்கால இருந்துச்சுன்னு இங்கயும் கெழக்கால போனா செவுத்துலதான் முட்டிக்கணும்!"

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் சர்வ்லெட் ஒப்பந்தத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். மண்டபம்தான் கன்டெய்னர், சமையல்காரர்தான் சர்வ்லெட். நாம் கன்டெய்னரைக் கூப்பிட்டு ஓட வைப்பதில்லை, அதுதான் நம்மைக் கூப்பிடுகிறது. நமக்கு வேண்டியதை அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பேச்சு நடக்கும் வழிகள்

முதல் பேச்சு, இனிட். சர்வ்லெட்டை உருவாக்கிய கையோடு கன்டெய்னர் இதை ஒரே ஒருமுறை அழைக்கும். அழைக்கும்போது சர்வ்லெட்கான்ஃபிக் என்ற பொருளைக் கையில் கொடுக்கும். அந்த ஒரு சர்வ்லெட்டுக்கு மட்டுமான அமைப்பு விவரங்கள் அதில் இருக்கும். சமையல்காரரிடம் கொடுக்கும் மெனுச் சீட்டு போல. இங்கே நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கான்ஃபிக் வாங்கும் இனிட்டை நாமே மாற்றி எழுதிவிட்டு, சூப்பர் வகுப்பின் இனிட்டை அழைக்க மறந்துவிடுகிறோம். வந்த சீட்டைப் பைக்குள் வைக்காமல் தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம். பிறகு கான்டெக்ஸ்ட் வேண்டும் என்று கேட்டால் பிழைதான் வரும். எதையும் வாங்காத வெறும் இனிட்டை எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது, சர்வீஸ். கோரிக்கை வரும் ஒவ்வொரு முறையும் கன்டெய்னர் இதை அழைத்து ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் என்ற இரண்டு பொருள்களைத் தரும். டூகெட், டூபோஸ்ட் எல்லாம் இதன் வழியாக வருபவையே. இந்த இரண்டும் அந்த அழைப்பு முடியும் வரைதான் நமக்குச் சொந்தம். அதன் பிறகு அதே பொருளைக் கழுவித் துடைத்து வேறொருவருக்கு கன்டெய்னர் கொடுத்துவிடலாம். சாப்பிட்டு எழுந்த இலையை வைத்திருந்து மறுபடி சாப்பிட முடியுமா?

மூன்றாவது, சர்வ்லெட்கான்டெக்ஸ்ட். பேச்சு முழுவதற்கும் இதுதான் தலைவாசல். ஒரு வலைப் பயன்பாட்டுக்கு, ஒரு ஜாவா இயந்திரத்தில், ஒரே ஒரு கான்டெக்ஸ்ட். அந்தப் பயன்பாட்டில் உள்ள எல்லாச் சர்வ்லெட்டுகளுக்கும் இது பொது. பொதுவான அமைப்பு மதிப்பு வேண்டுமா, இதனிடம் கேள். பயன்பாட்டுக்குள் இருக்கும் கோப்பு வேண்டுமா, இதனிடம் கேள். வேறொரு சர்வ்லெட்டுக்கு வேலையை அனுப்ப வேண்டுமா, லாகில் ஒரு வரி எழுத வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இதுவே.

நான்காவது, லிசனர். 2001-ல் வந்த 2.3 பதிப்பில் இதுவும் ஃபில்டரும் சேர்ந்தன. பயன்பாடு தொடங்கிவிட்டது, முடியப்போகிறது, செஷன் பிறந்தது, இறந்தது என்று கன்டெய்னரே நமக்குத் தகவல் சொல்லும். டேட்டாபேஸ் இணைப்புகளைத் தொடக்கத்தில் தயார் செய்து, கடைசியில் மூட இது ஏற்ற இடம்.

கடைசிப் பேச்சு, டெஸ்ட்ராய். விடைபெறும்போது கன்டெய்னர் அழைப்பது. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகள் முடிய ஓரளவு நேரம் கொடுத்துவிட்டுத்தான் அழைக்கும். ஆனால் திடீரென்று கரன்ட் போனால்? டெஸ்ட்ராய் வராது. "டெஸ்ட்ராயில் சேவ் பண்ணிக்கலாம்" என்று முக்கியமான கணக்கைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

டி டிரைவில் போன மானம்

ஒப்பந்தத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குழுவே சாட்சி. விடுதி மெஸ் கணக்கைப் பார்க்கும் ப்ராஜெக்ட் எங்களுடையது. கட்டண விகிதங்கள் ஒரு கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பு என் நண்பனின் லேப்டாப்பில் டி டிரைவில் இருந்ததால், ப்ரோக்ராமிலும் டி டிரைவ் என்றே முழு முகவரியோடு எழுதிவிட்டோம். மூன்று மாதம் அருமையாக ஓடியது. கண்காட்சி நாளில் கொடுத்த கம்ப்யூட்டரில் இருந்ததோ லினக்ஸ். அங்கே டி டிரைவ் ஏது? திரை முழுக்கப் பிழைச்செய்தி. "சிஸ்டம் சரியில்ல சார்" என்று பழியை மெஷின் மீது போட்டோம். பாவம், அது என்ன செய்யும்! போன மண்டபத்துக் கிணற்றை இந்த மண்டபத்தில் தேடியது நாங்கள்தானே.

சரி, அதைத் திருத்துகிறோம் என்று கான்டெக்ஸ்டில் உள்ள கெட்ரியல்பாத் என்ற வழியைப் பிடித்தோம். அதுவும் அரைகுறைதான். வார் கோப்பைப் பிரிக்காமலேயே கன்டெய்னர் ஓட்டினால் டிஸ்கில் உண்மையான முகவரி என்று ஒன்று இருக்காது. அப்போது நல் என்றுதான் பதில் வரும். கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் என்று கேட்டால் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கவலையே நமக்கு வேண்டாம், உள்ளடக்கத்தைக் கன்டெய்னரே கொண்டுவந்து தரும். "ஸ்டோர் ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பதற்கும், "பருப்பு வேணும்" என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. புதிதாகக் கோப்பு எழுத வேண்டியிருந்தால், அதற்கான ஃபோல்டரை அமைப்பு மதிப்பாக வெளியிலிருந்து வாங்க வேண்டும். பயன்பாட்டுக்குள்ளேயே எழுதி வைத்தால், அடுத்த முறை புது வார் போடும்போது எல்லாம் அழிந்துவிட வாய்ப்புண்டு.

என் பாக்கி அவன் திரையில்

டி டிரைவ் கதை சிரித்துவிட்டு மறக்கக்கூடியது. அடுத்தது அப்படியல்ல. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒருவழியாக ப்ராஜெக்ட் ஓடத் தொடங்கியதும் லேபில் சோதனை வைத்தோம். ஒவ்வொருவராகப் பார்த்தபோது சரியாக வந்தது. "எல்லாரும் ஒரே நேரத்துல பாருங்கப்பா" என்றார் ஆசிரியர். முப்பது பேர் ஒன்றாக என்டரைத் தட்டினார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். "டேய், என் நம்பரப் போட்டா உன் பேரு வருதுடா! என்னடா, ரெண்டு மாச மெஸ் பாக்கியா?"

லேப் முழுக்கக் கேட்டது. ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் அப்பாவுக்கு வேலை இல்லை. பாக்கி விழுந்தது அப்படித்தான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொன்னது என் ப்ரோக்ராம். அந்தச் சர்வ்லெட்டை எழுதியவனும் நானே!

தவறு என்ன? பதிவு எண்ணை டூகெட்டுக்குள் வைக்காமல், வகுப்பின் மேலே இன்ஸ்டன்ஸ் வேரியபிளாக வைத்திருந்தேன். ஒரு சர்வ்லெட்டுக்குக் கன்டெய்னர் வழக்கமாக ஒரே ஒரு பொருளைத்தான் உருவாக்கும். எத்தனை பேர் வந்தாலும் அத்தனை த்ரெட்டும் அந்த ஒரே பொருளுக்குள்தான் நுழையும். டாம்கேட் வழக்கமான அமைப்பில் 200 த்ரெட் வரை அனுப்பும். அவன் தன் எண்ணை அதில் வைத்தான். டேட்டாபேஸைக் கேட்பதற்குள் நான் என் எண்ணை அதன் மேல் வைத்துவிட்டேன். அவன் கேள்விக்கு என் கணக்கு பதிலாகப் போனது. ஒவ்வொருவராகச் சோதித்தால் நூறு வருஷம் ஆனாலும் இந்தப் பிழை கண்ணில் படாது!

எதை எங்கே வைப்பது என்று ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு கோரிக்கைக்கு மட்டுமானதை டூகெட்டுக்குள்ளோ ரிக்வெஸ்டிலோ வைக்க வேண்டும், அது இலை. ஒரே ஆளின் பல கோரிக்கைகளுக்கும் தொடர்வதை செஷனில் வைக்க வேண்டும், அது டோக்கன். எல்லோருக்கும் பொதுவானதைக் கான்டெக்ஸ்டில் வைக்க வேண்டும், அது ஸ்டோர் ரூம். ஒருவர் இலையில் வைக்க வேண்டியதை ஸ்டோர் ரூமில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

என் மெஸ் பாக்கி தெரிந்ததால் உலகம் இடிந்துவிடவில்லை. ஆனால் நாளைக்கு இதே நாம்தான் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ப்ரோக்ராம் எழுதப் போகிறோம். ஒருவர் கடன் இன்னொருவர் திரையில் வந்தால்? ஒருவர் நோய் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் பட்டால்? மூன்று கட்டம் வரைந்து வாங்கிய முழு மார்க் அப்போது நம்மைக் காப்பாற்றுமா?

ஸ்பிரிங் பூட் இருக்கையில் இது எதற்கு?

இந்தக் கேள்வியைப் பல நண்பர்கள் கேட்கிறார்கள். "இப்ப யாருடா சர்வ்லெட் எழுதுறா? எல்லாம் ஸ்பிரிங் பூட்தான்." நியாயமான கேள்விதான். கம்பெனிகளில் நேரடியாகச் சர்வ்லெட் எழுதுவது குறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஸ்பிரிங் பூட்டில் வழக்கமான வலைப் பயன்பாட்டைத் தொடங்கினால் முதலில் எழுந்து நிற்பது யார்? உள்ளே பொதிந்திருக்கும் அதே டாம்கேட்! வரும் கோரிக்கைகளை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது டிஸ்பேச்சர்சர்வ்லெட். பெயரிலேயே சர்வ்லெட் இருக்கிறதே! இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்பிரிங் கன்ட்ரோலரும் வழக்கமாக ஒரே ஒரு பொருள்தான். நான் செய்த அதே இன்ஸ்டன்ஸ் வேரியபிள் தவறை அங்கே செய்தாலும் அதே அவமானம் காத்திருக்கிறது. மாடி வீட்டில் குடியிருக்கிறோம் என்பதற்காக அஸ்திவாரம் இல்லை என்று ஆகிவிடுமா?

"புத்தகத்தில் இருப்பதை அப்படியே அடித்தால் போதாதா?" என்பார்கள் சிலர். அதற்கும் பதில் உண்டு. பழைய புத்தகங்களில் ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர் இருக்கும். எக்லிப்ஸ் அமைப்பின் பொறுப்புக்கு இந்த ஒப்பந்தம் போன பிறகு, 2020-ல் அந்தப் பெயர் ஜகார்த்தா என்று மாறியது. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். பழைய பெயரில் எழுதிய வார் கோப்பை டாம்கேட் 10-ல் அப்படியே போட்டால், அதிலுள்ள சர்வ்லெட்டைக் கன்டெய்னர் அடையாளமே கண்டுகொள்ளாது. 404 என்று கைவிரித்துவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான். இரண்டு பேர் பேச வேண்டுமென்றால் ஒரே மொழி வேண்டும் என்று தெரிந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகல்ல. சிறியவன் எனக்குத் தோன்றிய சில யோசனைகள்:

முதலாவதாக, வாழ்க்கைச் சுழற்சிப் படத்தை வரைவதோடு நிற்காமல் இனிட், சர்வீஸ், டெஸ்ட்ராய் மூன்றிலும் ஒரு லாக் வரி போட்டு, த்ரெட்டின் பெயரையும் சேர்த்து அச்சிட்டுப் பார்க்க வேண்டும். யார் எப்போது கூப்பிடுகிறார்கள் என்பது கண்ணால் கண்ட சாட்சியாகிவிடும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு ப்ராஜெக்டையும் எழுதியவர் மெஷினில் ஓட்டிக் காட்டினால் மட்டும் மார்க் தரக் கூடாது. வார் கோப்பை வேறொரு மெஷினில், முடிந்தால் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் போட்டு ஓட்டச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, ஒரே நேரத்தில் முப்பது பேர் தட்டும் சோதனை ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் கட்டாயம் வேண்டும். லேபில் மெஷின் இருக்கிறது, பசங்க இருக்கிறோம், செலவு ஒரு பைசா இல்லை. பொய்யான பெயர், பொய்யான கணக்கை வைத்துச் செய்யுங்கள் என்று அனுபவப்பட்டவன் கேட்டுக்கொள்கிறேன்!

நான்காவதாக, வைவாவில் "சர்வ்லெட் என்றால் என்ன?" என்று கேட்பதோடு, "இந்த வரியில் நீ கன்டெய்னரிடம் என்ன கேட்கிறாய்?" என்றும் ஆசிரியப் பெருமக்கள் கேட்க வேண்டும் எனப் பணிவோடு வேண்டுகிறேன்.

நண்பர்களே! அந்தச் சோதனை நாளுக்குப் பிறகு அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன், பாக்கி விஷயத்தையும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தப்பு எங்கனு கண்டுபுடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். "அப்ப சரி. அடுத்த பந்திய ஒழுங்காப் போடு" என்றார்.

ஒரு வரியை மேலிருந்து கீழே, டூகெட்டுக்குள் இறக்கினேன். மறுநாள் முப்பது பேரும் மறுபடி தட்டினார்கள். அவரவர் எண்ணுக்கு அவரவர் கணக்கே வந்தது.

நாமும் அடுத்த பந்தியை ஒழுங்காகப் போடுவோம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பிரிவு